குழாயின் மறுமுனை

சாப்பிடும்போதுகூட மயினி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கஞ்சிக் கும்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு, புறவாசல் நிலையில் தோளைச் சாய்த்து, வெளியே ஓடுகிற வாய்க்காலைப் பார்த்தபடியே குடித்து முடிப்பாள். நடுவில் இரண்டு தடவையாவது கும்பாவோடு படி இறங்கிப் போய் எதையோ எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

"அங்ஙன என்னட்டி இருக்கு? ஒனக்க அப்பனா வாறான்?" என்று அம்மா கேட்பாள்.

"இல்ல மாமி. தண்ணி நேத்தைக்கு இருந்ததவிட ரெண்டு விரக்கடை தாந்து கெடக்கு. மேல இருக்கவனுவ வல்லதும் செய்யானுவளோ என்னவோ."

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் மயினி என்போம். அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால், "எனக்க பேர எதுக்குட்டி எழுதுக, எதிராளி வாசிக்கதுக்கா?" என்று கேட்டிருப்பாள். எதிராளி என்பது அவளுடைய சொல். கோழிக்குஞ்சைத் தூக்கவரும் பருந்தும் எதிராளி, வாய்க்காலில் எங்களுக்கு மேலே உள்ள ஊர்க்காரனும் எதிராளி, எங்கள் அம்மாவும் சில நேரம் எதிராளி. ஆனால் வாய் தவறிக்கூட எதிராளியை ஏசமாட்டாள். நாங்கள் ஏசினாலும் அவளுக்குப் பிடிக்காது. "ஏசிட்டு இருந்தா அவன் என்ன செய்யான்னு எப்பிடிப் பாக்கது?" என்பாள்.

அவள் பிறந்தது கன்னியாகுமரிக்குப் போகும் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற கடைமடை ஊர். மேலே உள்ள ஊர்கள் எல்லாம் பாய்ச்சி, மிச்சம் இருந்தால்தான் அங்கே தண்ணீர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசப் பழகுகிறபோதே, மேலே இருக்கிறவன் இன்றைக்கு என்ன நினைக்கிறான் என்று யோசிக்கவும் பழகிவிடும் போலிருக்கிறது. அவள் எங்கே போனாலும் முதலில் கேட்பது இதுதான்: இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? எங்கள் வீட்டுக்குக் கல்யாணம் முடிந்து வந்த மறுநாள், சேலை நலுங்காமல் நிற்க வேண்டிய பெண், வாய்க்கால் கரையில் அரை மைல் மேலே நடந்து போய் மடையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஊரே சிரித்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. இருந்தாலும் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுத்து அச்சுப்போல் இருக்கும். சபையில் உள்ள பெண்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுத வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

அண்ணன் நாகர்கோவிலில் இங்கிலீஷ் படித்தவன். சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் யுத்தக் கப்பல்களுக்காகப் பெரிய துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தான்; அங்கே கிராணி வேலை, ஆபீசில் கணக்கெழுதுவது. மயினியையும் கூட்டிக்கொண்டு போனான். நாலு வருஷம் அங்கே இருந்துவிட்டு, இரண்டாவது பிள்ளைப் பேற்றுக்கு அவள் ஊருக்கு வந்தாள். பிள்ளைக்கு ஒரு வயது ஆயிற்று. கப்பலேற வேண்டியதுதானே? மாட்டேன் என்றாள். தான் போகமாட்டேன் என்பதோடு நின்றாளா, அண்ணனையும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்றாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"சப்பான்காரன் வருவான், மாமி."

இது முப்பத்தாறாம் வருஷமோ முப்பத்தேழோ. அப்போது எங்கள் ஊரில் ஜப்பான் என்றால் சீப்பு, கண்ணாடி, பீங்கான் கோப்பை, சாவி கொடுத்தால் தலையாட்டும் பொம்மை. தக்கலைச் சந்தையில் வாங்கி வீடு வந்து சேர்வதற்குள் பாதி உடைந்துபோகும். சீக்கிரம் கெட்டுப்போகிற எதையும் 'சப்பான் சாமான்' என்றுதான் சொல்வோம். அம்மா ஒரு கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கினாள். காது கையோடு வந்தது.

"இந்தா, ஒனக்க சப்பான்காரன். இவனா வந்து வெள்ளைக்காரன அடிக்கப் போறான்?"

மயினி அந்தக் காதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விக்கதுக்குச் செய்தது வேற, வச்சுக்கதுக்குச் செய்தது வேற மாமி. நம்ம வயல்ல வெளஞ்சதுல பதர நாம தின்னுகமா?"

பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு வேறு கணக்கு இருந்தது. அண்ணன் அங்கே ஒரு மலாய்க்காரியைச் சேர்த்துக்கொண்டான், அதுதான் இவள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், ஜப்பான் கதை எல்லாம் மூடி மறைக்க என்றார்கள். கிணற்றடியில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். மயினி வாளியை இறக்கி வைத்தாள். "அப்பிடி ஒருத்தி இருந்தா எனக்கு நல்லதுதான் மக்கா. அவளாவது அவியள அங்கேருந்து கெளப்பிக் கொண்டு போயிருவா" என்றாள். 

அந்த ஊரை அவள் எனக்குக் காட்டித் தந்தது அடுக்களையில். அம்மிதான் சிங்கப்பூர்த் தீவு. அம்மிக்கு இந்தப் பக்கம் தேங்காய்மூடிகளைக் கவிழ்த்து வைத்தாள்: கடலைப் பார்த்து நிற்கிற பீரங்கிகள். அந்தப் பக்கம் முறத்தைப் போட்டாள்: ஜோகூர், மலாய் ராஜா நாடு. அம்மிக்கும் முறத்துக்கும் நடுவே அகப்பையைப் படுக்க வைத்தாள்.

"இது பாலம். கல்லுப் பாலம். ரயிலும் போவும், பஸ்ஸும் போவும். பாலத்துக்க ஓரத்துல பாரு, கொழாய். ஒரு ஆளு குனிஞ்சு நொழையலாம். இந்தத் தீவுல உள்ளவன் குடிக்க தண்ணியில பாதிக்கு மேல அக்கரை மலையில இருந்து வருது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நா கொழாயில தண்ணி வரல. அடுத்த நாளும் மத்தியானம் வரைக்கும் இல்ல. எங்க லயன்ல உள்ளவிய எல்லாரும் வாளிய எடுத்துட்டு ஓடுகாவ. தொரைக்க வீட்டு வேலக்காரனும் வாளியோட வந்து நிக்கான், பாத்துக்கோ. அங்ஙன அடப்பு, நன்னாக்குகான்னு சொன்னாவ. எங்ஙனன்னு கேட்டேன். அக்கரையிலன்னாவ. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணனை நச்சரித்து பஸ் ஏற்றிப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மற்ற பெண்கள் கடற்கரையைப் பார்க்கப் போவார்கள், இவள் குழாயைப் பார்க்கப் போனாள். அக்கரையில் இறங்கிக் குழாயோடு நடந்திருக்கிறாள். இருபுறமும் ரப்பர்த் தோட்டம். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனால், சிலது ஜப்பான்காரருடையது.

"இவ்வளவு பெரிய பீரங்கி, ஒரு பிள்ள உள்ள தவந்து போவலாம்னு ஒனக்க அண்ணன் சொல்லுகாவ. அது பின்னால திரும்புமான்னு கேட்டேன். சிரிச்சாவ. திரும்பினாதான் என்ன? குடிக்கத் தண்ணியில்லாதவன் எத்தன நாளு வெடி வப்பான்?"

அம்மா உள்ளே வந்து, அம்மியைச் சுற்றி இருந்த தேங்காய்மூடிகளைப் பார்த்தாள். "ஏட்டி, அம்மியில தேங்காய அர. சிங்கப்பூர அரைக்காத."

ஜப்பான்காரனை அவள் கண்ணால் பார்த்தது சிங்கப்பூரில் ஒரு போட்டோக் கடையில். மூத்த பிள்ளையைப் படம் பிடிக்கப் போனபோது, மத்தியானம், கடைக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் சோற்றுப் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பிடி சோறு, அதன் நடுவே சிவப்பாய் ஒரு ஊறுகாய். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்ல வெயிலில் எங்கேயோ கிளம்பிவிட்டான். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"ஒரு பிடி சோறும் ஒரு சைக்கிளும் போதும்னா அவன் எவ்வளவு தூரம் வருவான்னு நெனச்சுப் பாரு. வெள்ளைக்காரனுக்கு ரொட்டி வேணும், எறைச்சி வேணும், அதத் தூக்க நம்ம ஆளு நாலு பேரு வேணும். எத்தன பேரு வாறானுவன்னு கேக்காத மக்கா. என்ன தின்னுட்டு நடக்கானுவன்னு கேளு."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துப்போயிற்று. ஆனால் வாய்க்கால் விஷயத்தில் அவள் சொன்னதை ஊர் ஆண்பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு வருஷம் கும்பப்பூ சாகுபடியில் கதிர் தள்ளுகிற சமயம் தண்ணீர் இல்லை. மேலூர்க்காரர்கள் எங்கள் மடையை அடைக்க வருவதாகப் பேச்சு. அப்பாவும் ஊர்க்காரர்களும் கம்போடு பெரிய மடையில் மூன்று நாளாகக் காவல் நின்றார்கள். மயினி கஞ்சிக்கலயத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடவே நானும் போனேன்.

"மாமா, அவனுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்று கேட்டாள் அப்பாவிடம்.

"அவனுக்கு எல்லாந்தான் வேணும்."

"இல்ல மாமா. அவனுக்க பயிரு நமக்க பயிரவிட எட்டு நாளு மூப்பு. ஒரு அரை நாளு தண்ணி கிட்டினா போதும். அரை நாளு தண்ணிக்கு இவ்வளவு கம்பு நிக்க எடத்துக்கு அவன் எதுக்கு வாறான்? நான் அவனா இருந்தா தாழங்காட்டு வளைவுக்குப் போவேன். அங்ஙன கரை மெலிசு, நண்டு அளை வேற கெடக்கு."

கம்பை ஊன்றி நின்ற ஒருவர் சிரித்தார். "எம்மா, ஒனக்கு மேலூர்லயே மாப்பிள பாத்திருக்கலாம்."

"பாத்திருந்தா இந்நேரம் ஒங்க வயலு காஞ்சிருக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. ஒரு ஆளை அனுப்பிப் பார்த்தார். தாழங்காட்டு வளைவில் ஒரு முழ அகலத்துக்குக் கரையை வெட்டி, வைக்கோலும் சேறும் வைத்துப் பூசியிருந்தது. ராத்திரியில் அதை எடுத்துவிட்டால் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் போய்விடும். அன்றைக்கே ஆட்கள் போய்க் கரையை அடைத்துவிட்டார்கள். கதிர் தப்பியது. ஊரெல்லாம் மயினியைக் கெட்டிக்காரி என்றது. அம்மா மட்டும் என்னிடம் தணிந்த குரலில், "திருடனுக்க மனசு இவளுக்கு எப்படித் தெரியுது? எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் அடுத்து என்ன செய்வார் என்று அவள் சொல்வதும், அவர் அதையே செய்வதும் பார்க்கிறவர்களுக்குச் சங்கடம்தான்.

சீனாவில் ஜப்பான்காரன் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வருவதாகப் பேப்பரில் வந்தபோது, எங்கள் சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில், அவன் அந்தச் சேற்றிலேயே புதைந்துபோவான் என்றார். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். மயினி நேரே ஐயரிடம் போய் நின்றாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், அவள் நிற்கவில்லை.

"ஐயரே, சப்பான்காரனுக்க நாட்டுல மண்ணெண்ண உண்டா?"

ஐயர் யோசித்தார். "இல்லன்னுதான் படிச்சிருக்கேன். வெளியில இருந்து வாங்கணும்."

"இரும்பு?"

"அதும் பெரும்பாலும் வாங்கணும்."

"ரப்பரு?"

"ரப்பர் மலாயாவுலதான் உண்டு. எதுக்கும்மா கேக்கே?"

மயினி திரும்பி நடந்தாள்.  ஆற்றுப் பாலம் வந்ததும் சட்டென்று நின்றாள். "அவனும் கடைமடைக்காரன்தான் பிள்ளே" என்றாள். "எல்லாம் மேலேருந்து எவனோ விட்டாத்தான் அவனுக்கு. நான் இத்தன நாளும் அவன மேலூர்க்காரன்னு நெனச்சிருந்தேன். கடைமடைக்காரன் ஒரு நா மேல ஏறி வராம இருக்கமாட்டான். எங்க அப்பன் போயிருக்காரு, எங்க தாத்தன் போயிருக்காரு." அவள் குரலில் இருந்தது பயமா, பரிதாபமா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் கும்பாவைத் தொடவேயில்லை.

இனிதான் நான் எழுதக் கூச்சப்படுகிற இடம் வருகிறது.

அண்ணனுக்கு அவள் கடிதம் சொல்லுவாள், நான் எழுதுவேன். அடுக்களைக்கும் புறவாசலுக்கும் நடந்துகொண்டே சொல்லுவாள். குழாய், பாலம், ரப்பர்த் தோட்டம், மண்ணெண்ணெய், எல்லாம் வரும். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் புதிதாகக் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள், இங்கே வயல் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கும் என்று முடிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவேன். ஆனால் நான் எழுதியது அதுவல்ல. 'இங்கு கர்த்தருடைய கிருபையால் யாவரும் சுகம். தாங்கள் சுகத்துக்கு எழுதவும். பசு கிடேரிக் கன்று ஈன்றது. சின்னவன் நடக்கிறான்.' இவ்வளவுதான்.

ஏன் என்றால், ஒரு பெண்டாட்டி புருஷனுக்கு எழுதும் கடிதத்தில் பீரங்கிக்கு என்ன வேலை? அண்ணனோடு இருக்கிறவர்களெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்கள். அவன் படித்துக் காட்டினால், என் கையெழுத்தில் உள்ள அந்தப் பைத்தியத்தைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். மயினியை நினைத்து நான் வெட்கப்பட்டேன் என்பதைவிட, என் எழுத்தை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதுதான் நிஜம்.

ஐந்து கடிதம் அப்படிப் போயிற்று. எங்கள் சமஸ்தானத்து அஞ்சலில் போட்டால் கடல் கடந்து போகாது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் பிரிட்டிஷ் தபாலாபீசில் போட வேண்டும். மயினியே நடந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் பதில் வரும். நான் வாசிப்பேன். கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டிருப்பான், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருப்பான். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இராது. "இவிய ஏன் அதுக்குப் பதில் சொல்லல?" என்று மயினி மறுபடியும் நடக்க ஆரம்பிப்பாள்.

ஆறாவது கடிதம். அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது சோறு வெந்திருந்தது. "வாசி" என்றாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதையெல்லாம் நினைவிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி.

அவள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எண்ணினாள். எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும்.

"பதினோரு வரி" என்றாள். "நான் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒரு உலை வெந்துபோச்சு. நீ வாசிக்கவும் அவ்வளவு நேரமாச்சு. அவ்வளவும் பதினோரு வரியில அடங்கிச்சா மக்கா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அஞ்சும் இப்பிடித்தானா?"

தலையை ஆட்டினேன். அவள் கையிலிருந்த அகப்பையால் ஒன்று போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல் நிதானமாக, முதல் தடவையாக என்னைப் பார்ப்பதுபோல்.

"நான் எல்லாவனையும் பாத்தேன். மேலூர்க்காரனப் பாத்தேன், சப்பான்காரனப் பாத்தேன், மாமியையும் பாத்தேன். ஒன்னப் பாக்கல பிள்ளே. நீ நம்ம பக்கம்னு நெனச்சிட்டேன்."

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து நான் உண்மையான கடிதத்தை எழுதினேன். நாலு தாள். அவள் சொன்னபடி, சொன்ன வரிசையில். தப்பு வந்த இடத்தில் அடித்துத் திருத்தினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. அதை மடித்து எடுத்துக்கொண்டு அவள் நாகர்கோவிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பதில் சிறியது. கடிதம் கிடைத்தது; ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று; விடுப்பில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அண்ணன் முப்பத்தொன்பதில் வந்தான். இரண்டு மாத விடுப்பு. மறுபடி போனவன் திரும்பவில்லை. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஜப்பான்காரன் வடக்கே இருந்து தரை வழியாகச் சைக்கிளில் வந்ததும், தீவில் தண்ணீர் அற்றுப்போனதும், ஊர் விழுந்ததும் படித்தவர்கள் புஸ்தகமாகப் போட்டிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் கடைசியாக எழுதிய மூன்று கடிதங்களும் முத்திரை குத்தித் திரும்பி வந்தன என்பதுதான். அந்த நாளில் சிலர் மயினியைப் பார்க்க வந்து, "நீ அன்னைக்கே சொன்னியே எம்மா" என்று அதிசயப்பட்டார்கள். அவள் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாள். அப்படிச் சொன்னவர்களின் வீட்டுக்கு அப்புறம் அவள் போனதே இல்லை.

அண்ணன் விடுப்பில் இருந்தபோது ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். அண்ணன் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மா விசிறுகிறாள். மயினி நின்றுகொண்டு பரிமாறுகிறாள். நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன்.

"அங்க இப்ப தொரைமாரே பேசுகானுவ, தண்ணியப் பத்தி" என்றான் அண்ணன். "ஒனக்க கடுதாசி வந்த அன்னைக்கு நான் வேலைக்குப் போவாம அந்தக் கொழாயோரமா நடந்தேன். நீ எழுதினது எல்லாம் செரிதான். ஆனா கையெழுத்துப் போட்டு ஒம்பது நாளு ஆயிப்போச்சு. மூணு வருசம். குடுத்த வாக்க எப்பிடி மாத்துகது?"

மயினி குழம்பை ஊற்றினாள்.

"ஒம்பது நாளு பிள்ளே! மின்ன வந்திருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். அதுக்கு மின்ன அஞ்சு கடுதாசி போட்டியே. மாடு கன்னு போட்டத எழுதினே, பய நடந்தத எழுதினே. இத ஏன் எழுதல?"

செம்பு என் கையில் கனத்தது. அம்மாவின் விசிறி நின்றது.

"அன்னைக்கு எனக்கே தெளிவில்ல" என்றாள் மயினி. "பொறவுதான் தெளிஞ்சுது."

"இவளுக்கா தெளிவில்ல?" என்று அம்மா சிரித்தாள். "வயித்துக்குள்ள இருக்கும்போதே எல்லாம் தெரிஞ்சவளாச்சே!"

அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப தப்பு ஒன்மேலதான்" என்றான்.

"ஆமா. எம்மேலதான்."

அவன் கைகழுவ எழுந்து போனதும் நான் அடுக்களையில் அவள் கையைப் பிடித்தேன். "மயினி, நான் போய்ச் சொல்லிருதேன்."

அவள் என் கையை உதறவில்லை. பிடிக்கவும் இல்லை. பார்வை வழக்கம்போல வெளியேதான் இருந்தது.

"சொல்லி? அவிய இன்னும் ரெண்டு வருசமாவது அங்க ஒத்தைக்குக் கெடக்கப் போறாவ. இனி நான் சொல்லுகது எல்லாம் ஒனக்க கைவழிதான் அவியளுக்குப் போவணும். எழுதுகவ பொய்காரின்னு தெரிஞ்சா, பொறவு வாற எந்தக் கடுதாசிய அவிய நம்புவாவ? எம்மேல கோவம் இருந்தா இருந்துட்டுப் போட்டு. பெண்டாட்டி மேல உள்ள கோவம் கப்பல் ஏறினா தீந்துரும்." அடுப்பிலிருந்து கிழங்குச் சட்டியை இறக்கினாள். "போ, அவியளுக்குக் கைதொடைக்கத் துண்டு குடு."

நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒனக்க எழுத்து நல்லாருக்குட்டி, அங்க எல்லாரும் சொல்லுகானுவ" என்றான்.